புதுப்பிப்பு: "W. ரிச்சர்ட்ஸ்" இரட்டைக்குழல் துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது

பக்கத் தகட்டில் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்றிருந்ததால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வேலை என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. குழலைக் கழற்றி, அடிப்பக்கத் தட்டையான பரப்பை எண்ணெய்த்துணியால் துடைத்ததும் விடை கிடைத்தது: நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். இது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் துப்பாக்கிக் குழல்களின் வலிமையைச் சோதிக்கும் சோதனைச்சாலையின் முத்திரை. மேலே கிரீடம் இல்லை; கிரீடம் 1893இல்தான் சேர்ந்தது. பக்கத்திலுள்ள பரிசோதகரின் எழுத்துக்கு மேல் நட்சத்திரம் இருப்பதால் 1877க்குப் பின். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரையான குறுக்குச் செங்கோல் எங்குமே இல்லை.

வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயத் துப்பாக்கி நிறுவனத்தை நினைவூட்டவே அந்தப் பெயர். பெல்ஜிய ஏற்றுமதித் துப்பாக்கிகளில் இது சகஜம். உண்மையான தயாரிப்பாளரைத் தேட, குழலடியில் உள்ள முதலெழுத்துகள்தான் முக்கிய வழி. உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், அந்த எழுத்து தேய்ந்தால் போயிற்று. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, காய்ச்சி இணைத்துச் செய்யும் டமாஸ்கஸ் குழல் இது. புகையில்லா வெடிமருந்துத் தோட்டாவை இதில் போடவே கூடாது.