பிக் ஸ்டார் தோற்றது பாட்டாலா, விநியோகத்தாலா?

ஊசிமுனை:
அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ராக் குழுவான பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டை இந்த வாரம் மட்டும் இருபது முறை கேட்டிருப்பேன். மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. கிட்டார் சின்ன மணிகளை உலுக்கியதுபோல் ஒலிக்க, அலெக்ஸ் சில்டனின் குரல் மகிழ்ச்சிக்கும் ஏக்கத்துக்கும் நடுவே தத்தளிக்கிறது. 1974இல் வந்த இந்தப் பாட்டை அன்று கேட்டவர்கள் மிகக் குறைவு. குற்றம் பாட்டின் மீதில்லை என்பது என் உறுதியான கருத்து. இசைத்தட்டு கடைக்கே போய்ச் சேரவில்லை.

1972இல் வந்த முதல் ஆல்பமான 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'டை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. சோல் இசையில் பெயரெடுத்த அந்த நிறுவனத்துக்கு ராக் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வழி சரியாக அமையவில்லை. அந்த ஆண்டே ஸ்டாக்ஸ், பெரிய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியாவோடு விநியோக ஒப்பந்தம் போட்டது. கொலம்பியா பழைய தனி விநியோகஸ்தர்களை விலக்கியது. பிக் ஸ்டாரிலோ அக்கறை காட்டவில்லை. விமர்சனம் படித்துவிட்டுக் கடைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு.

மூன்றாம்_பக்கம்:
இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், அதனாலேயே எனக்குச் சந்தேகம். 'செப்டம்பர் கேர்ள்ஸ்' இருக்கும் அடுத்த ஆல்பம் 'ரேடியோ சிட்டி'யை எடுங்கள். முதல் பாட்டு 'ஓ மை சோல்' ஐந்தரை நிமிடத்துக்கு மேல் போகிறது, தாளம் முட்டி மோதி நிற்கிறது. எந்த வானொலி நிலையம் இதைப் போட்டிருக்கும்? எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, ஊர் முழுக்கப் பாடியிருக்கும் என்று சாதிப்பது வேறு.

இன்னொன்று. நல்ல பாட்டு எப்படியாவது வெளியே வந்துவிடும். தி நெர்வ்ஸ் குழு 1976இல் சிறு தட்டில் வெளியிட்ட 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' யார் காதிலும் விழவில்லை. இரண்டே ஆண்டில் பிளாண்டி குழுவினர் அதைப் பாடினார்கள், பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5ஆம் இடம். 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாட்டையும் 1986இல் பேங்கிள்ஸ் குழுவினர் பாடினார்கள். ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து மக்கள் கையில் எடுத்துக்கொண்டது 'மேனிக் மண்டே' போன்ற பாட்டுகளைத்தான்.

அறுந்த_நாடா:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். 1972இலேயே கிளீவ்லாந்தின் ராஸ்ப்பெரீஸ் குழு 'கோ ஆல் தி வே' பாட்டோடு அமெரிக்காவில் 5ஆம் இடம் பிடித்தது. அதே கனத்த கிட்டார், அதே அடுக்குக் குரல்கள். பேட்ஃபிங்கர் குழுவின் 'பேபி ப்ளூ' அந்த ஆண்டே முதல் இருபதுக்குள் வந்தது. பவர் பாப்பை, அதாவது கனத்த கிட்டாரோடு இனிய மெட்டு சேரும் இந்த வகை இசையை, கேட்கக் காது இல்லாத காலம் என்று சொல்லவே முடியாது.

ஊசிமுனை:
நன்றி, நண்பரே. நான் சொல்லத் திணறியது இதுதான். கேட்பவர்கள் இருந்தார்கள், பாட்டும் இருந்தது, நடுவில் பாலம் இல்லை.

மூன்றாம்_பக்கம், நெர்வ்ஸ் கதை உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது. பாட்டு பிழைத்தது, சரி. அதை எழுதிய ஜாக் லீயின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

மூன்றாம்_பக்கம்:
ராஸ்ப்பெரீஸ் ஒப்பீட்டை முதல் ஆல்பத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். 'ஃபீல்' பாட்டோ 'இன் தி ஸ்ட்ரீட்' பாட்டோ தட்டு கிடைத்திருந்தால் விற்றிருக்கும். ஆனால் நாம் இன்று பிக் ஸ்டாரைத் தேடிப் போவது அதற்காகவா? 1974இல் பதிவாகி 1978இல்தான் வெளிவந்த மூன்றாவது ஆல்பத்துக்காகவும்தானே? அந்த இடிந்துபோன குரல், பாதியில் உதிர்ந்துவிடும் இசை. தோல்வி இல்லாமல் அது பிறந்திருக்காது. முதல் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றிருந்தால் 'ஹோலோகாஸ்ட்' என்ற பாட்டை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

ஊசிமுனை:
இந்த வாதம்தான் எனக்கு வலிக்கிறது. தோல்வி நமக்கு ஒரு நல்ல ஆல்பம் தந்தது என்று ஐம்பது ஆண்டு கழித்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது எளிது. விலை கொடுத்தது யார்? கிறிஸ் பெல்லை நினையுங்கள். முதல் ஆல்பத்தின் ஒலியை இழைத்து இழைத்து உருவாக்கியவர். அது கடையில் கிடைக்காமல் போனதில் மனம் உடைந்து குழுவை விட்டே விலகினார். பிறகு தன் குடும்பத்தின் உணவகத்தில் வேலை பார்த்தார். 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 27. உயிரோடிருந்தபோது அவர் பெயரில் வெளிவந்தது 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' என்ற ஒரே ஒரு சிறிய தட்டு. முழு ஆல்பம் வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின, 1992இல்.

சில்டனாவது பதினாறு வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவோடு 'தி லெட்டர்' பாடி முதலிடம் பார்த்தவர். புகழின் ருசி அவருக்குத் தெரியும். பெல்லுக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

அறுந்த_நாடா:
'இன் தி ஸ்ட்ரீட்' 1998இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாட்டானது. சில்டனும் பெல்லும் சேர்ந்து எழுதியது. அது வாராவாரம் வீடு வீடாக ஒலித்தபோது பெல் இல்லை.

மூன்றாம்_பக்கம்:
பெல்லைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய தனித் தட்டை நான் கவனமாகக் கேட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'ஓ மை சோல்' விஷயத்தில் என் நிலை மாறவில்லை.

ஊசிமுனை:
அதில் நீங்கள் சொல்வது சரிதான், விட்டுத்தருகிறேன். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். பெல்லின் அந்தத் தனித் தட்டின் மறுபக்கத்தில் 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. இரவில் விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாம்_பக்கம்:
கேட்டேன். மூன்று முறை. பின்னால் மெல்ல வந்து சேரும் இரண்டாவது குரல் யாருடையது? சில்டனுடையதா?

ஊசிமுனை:
ஆமாம், அவர்தான். பெல் குழுவை விட்டுப் போன பிறகு பதிவான பாட்டு அது.