தோப்புக்காக வைத்த கேமராவில் அம்மாவைப் பார்க்கும் அண்ணன்

கேள்வி: மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

மாங்காய்த் திருட்டுக்குப் பயந்து, ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் எங்கள் வீட்டுக் களத்திலும் திண்ணையிலும் கேமரா பொருத்தினார். காய்ப்பு முடிந்த பிறகும் அவர் கைப்பேசியில் பார்ப்பதை நிறுத்தவில்லை. அம்மா யாரோடு பேசினார், மதியம் ஏன் படுக்கவில்லை என்று அங்கிருந்தே விசாரிக்கிறார். தனியாக இருப்பவர் எங்காவது விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தலை சீவுவதற்குக்கூட உள்ளறைக்குப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்களும் திண்ணைக்கு வருவதில்லை. அண்ணனிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: பென்னாகரம் வாசகர்

பிறரைப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தவரைத் தெருவும் பார்த்தது. அதனால் பார்வைக்கு ஓர் அளவு இருந்தது. கேமராவில் அந்த அளவு போய்விடுகிறது. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1791இல் வெளியிட்ட சிறைத் திட்டத்தில், நடுக்கோபுரத்தில் இருக்கும் காவலர் எந்த நொடியில் தம்மைப் பார்க்கிறார் என்று கைதிகளுக்குத் தெரியாது. ஆகவே எப்போதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி நடந்துகொள்வார்கள். உங்கள் அம்மா உள்ளறைக்குப் போவதும் இதனால்தான். அண்ணன் அந்த நேரத்தில் பார்க்கிறாரா இல்லையா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

பதில்: ஓசூர் வாசகி

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. ஆனால் அண்ணனிடம் தீர்ப்பைக் காட்டிப் பேச வேண்டாம். கேமரா எதற்குப் பயன்படும் என்பதைப் பேசுங்கள். 40 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பீட்டின்படி, கேமரா வைத்த இடங்களில் குற்றங்கள் சராசரியாக 13 சதவீதம் குறைந்தன. வாகன நிறுத்தங்களில் பலன் கூடுதலாக இருந்தது, வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே களத்துக் கேமரா இருக்கட்டும். அது வாசலையும் தோப்பு வழியையும் மட்டும் பார்க்கும்படி திருப்பி, ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். மெமரி கார்டில் பதிவு தானாக நடக்கும். ஏதாவது காணாமல் போனால் எடுத்துப் பார்த்தால் போதும்.

விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானதே. ஆனால் அம்மா விழும் நொடியில் அண்ணன் ஓசூரில் வேலையில் இருப்பார். முதலில் ஓடிவரக்கூடியவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவர்களைத்தான் அந்தக் கேமரா விரட்டியிருக்கிறது. திண்ணையில் இருப்பதைக் கழற்றிவிட்டு, அவர்களில் இருவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் அவரே அம்மாவுக்குப் போன் செய்யட்டும். இதையெல்லாம் அம்மாவிடம் கேட்டுவிட்டு அண்ணனிடம் பேசுங்கள்.