டென்வரில் பெப்பர்மின்ட் ஃபட்ஜ்: சொன்ன சூட்டில்தான் இறக்கினேன், கல்லாகிவிட்டது. உதவி வேண்டும்

டென்வர்வாசி (டிசம்பர் 13, இரவு)

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு இனிப்பு டப்பா போகும். போன வருஷம் எனக்கு வந்த ஆறு டப்பாக்களும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. இந்த வருஷம் ஏதாவது போட்டுக் கொடுக்கலாம் என்று பெப்பர்மின்ட் சாக்லேட் ஃபட்ஜ் செய்ய இறங்கினேன். கன்டென்ஸ்டு மில்க்கில் சாக்லேட் சிப்ஸை உருக்கிச் செய்யும் சுலப வழி தெரியும். ஆனால் எதிர்வீட்டு அம்மாள் கொடுத்தது பாகு காய்ச்சிச் செய்யும் பழைய வகை. நாக்கில் வைத்ததும் கரைந்தது. எனக்கு அதுதான் வேண்டும்.

செய்தது இப்படி: சர்க்கரை 3 கப், கொக்கோ முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, பால் ஒன்றரை கப், ஒரு சிட்டிகை உப்பு. கொதி வந்ததும் மிட்டாய் தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டினேன். செய்முறையில் 234 முதல் 240 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இறக்கச் சொல்லியிருந்தது. 238இல் இறக்கினேன். அரை ஸ்டிக் (கால் கப்) வெண்ணெயும் ஒரு டீஸ்பூன் பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் விட்டு, அந்தச் சூட்டிலேயே மரக்கரண்டியால் அடித்தேன். மூன்றே நிமிடத்தில் கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. எப்படியோ தட்டில் கொட்டி அழுத்தி, கேண்டி கேனை (கைத்தடி மாதிரி வளைந்த கிறிஸ்துமஸ் மிட்டாய்) பூரிக்கட்டையால் நொறுக்கித் தூவி, ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

காலையில் கத்தி இறங்கவில்லை. உடைத்து வாயில் போட்டால் மணலைக் கடித்த மாதிரி நறநற. மின்ட் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. மேலே தூவியது சிவப்புப் பிசினாக வழிந்து கிடக்கிறது. 20ஆம் தேதி டப்பாக்கள் போயாக வேண்டும். மூன்று கப் சர்க்கரையைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. எங்கே தப்பு?

ஸ்கார்பரோ அக்கா (டிசம்பர் 13, இரவு)

தங்கச்சி, முதலில் ஒன்று. எங்கட இலங்கை மில்க் டொஃபி கொஞ்சம் நறநற என்று இருந்தால்தான் அழகு. அதைச் செய்து பழகிய கையால் முதல் தரம் ஃபட்ஜ் செய்தபோது நானும் இதே பிழைதான் விட்டேன். சூட்டோடு சூடாக அடித்தால் பெரிய பெரிய சர்க்கரைப் பளிங்குகள் கட்டும். அந்த மணல் அதுதான். அடுப்பால் இறக்கினால் தொடக் கூடாது. வெண்ணெயை மேலே வைத்துவிட்டு, கிண்டாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரும் வரைக்கும் விட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடித்தால் நுண்ணிய பளிங்குகள் ஒரே நேரத்தில் கட்டும், நாக்குக்குத் தெரியாது. மினுமினுப்புப் போய் மங்கலாகிற நேரம் தட்டில் ஊற்ற வேண்டும்.

கல்லானதற்குக் காரணம் வேறு. நான் 238இல்தான் இறக்குகிறேன், எனக்கு ஒருநாளும் கல்லாகவில்லை. உங்கட தெர்மாமீட்டர் பொய் சொல்லுது போல. கொதிக்கிற தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கோ, 212 காட்ட வேண்டும்.

டென்வர்வாசி (டிசம்பர் 14, காலை)

அக்கா, பார்த்துவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 202ஐத் தாண்டவில்லை. பத்து நிமிடம் வைத்தும் அதே 202. பத்து டிகிரி பொய்! வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குகிறேன்.

ஊட்டிக் குளிர் (டிசம்பர் 14, காலை)

கொஞ்சம் பொறுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள். தெர்மாமீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம், சரியாக ஒரு மைல். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 202, 203இலேயே கொதித்துவிடும். ஊட்டி இன்னும் மேலே, 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைப் பார்த்ததே கிடையாது, 92, 93லேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பாகுக்கும் இதே கதைதான். தெர்மாமீட்டரில் நாம் உண்மையில் பார்ப்பது பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். தண்ணீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும். ஆனால் ஏறத் தொடங்கும் இடமே உங்கள் ஊரில் பத்து டிகிரி கீழே. டென்வரில் 238 என்றால் கடற்கரை ஊரில் 248க்குச் சமம். அது ஃபட்ஜ் பதம் இல்லை, கேரமல் மிட்டாய்ப் பதம். கத்தி எப்படி இறங்கும்?

கணக்கு சுலபம். 500 அடிக்கு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கழியுங்கள். உங்களுக்குப் பத்து, எனக்குப் பதினாலு பதினைந்து. நீங்கள் 226க்கும் 228க்கும் நடுவில் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் காய்ச்சும் முன்னால் வெந்நீரில் ஒருதரம் பார்த்துக்கொண்டால் அன்றைய காற்றழுத்தமும் கணக்கில் வந்துவிடும்.

பாகுப்பதம் (டிசம்பர் 14, மதியம்)

டிகிரியே வேண்டாம் என்கிறேன். அதிரசப் பாகு பார்ப்பது ஞாபகம் இருக்கிறதா? ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாகு. விரலால் கூட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும், வெளியே எடுத்தால் விரலுக்கு நடுவில் தளர்ந்து சப்பையாக வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் 234 முதல் 240 என்று எழுதுவது இந்தப் பதத்தைத்தான். கிண்ணத்துத் தண்ணீருக்கு டென்வர், ஊட்டி, தூத்துக்குடி எல்லாம் ஒன்று. உருண்டை விறைத்து நின்றால் தாண்டிவிட்டது. கிண்ணத்தில் போட்டால் டங் என்று சத்தம் கேட்டால் கடலை மிட்டாய் பிடிக்கலாம்.

சொட்டு எடுக்கும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து நகர்த்திவிடுங்கள். நீங்கள் விரலால் உருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாகு அடுத்த பதத்துக்கு ஓடிவிடும்.

பாகு பூக்காமல் இருக்க எங்கள் வீட்டில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவோம். இதற்கும் பிழியலாமே?

ஊட்டிக் குளிர் (டிசம்பர் 14, மாலை)

வேண்டாம் சார், இதில் பால் இருக்கிறது. திரிந்து போகும். வெறும் சர்க்கரைப் பாகுக்கு எலுமிச்சை சரி. இதற்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன் சிரப் (சோளப் பாகு) போதும், அந்த வேலையை அது செய்யும். கூடப் போட்டால் ஃபட்ஜ் கட்டாமல் பிசுக்கென்று நின்றுவிடும்.

டென்வர்வாசி (டிசம்பர் 14, இரவு)

அப்போ தெர்மாமீட்டரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. இந்தக் கல்லைக் காப்பாற்ற முடியுமா? வாசனை எங்கே போனது? சூப்பர் மார்க்கெட்டில் புதினாக் கட்டு கிடைக்கிறது, அதைப் பாலில் போட்டு வடிகட்டினால் என்ன?

ஸ்கார்பரோ அக்கா (டிசம்பர் 14, இரவு)

கல்லைக் காப்பாற்றலாம், நான் செய்திருக்கிறன். மேலே உள்ள சிவப்புப் பிசினைச் சுரண்டி எடுங்கோ. மிச்சத்தை உடைத்து, அடி கனத்த சட்டியில் ஒன்றரைக் கப் தண்ணீரோடு மிக மெல்லிய நெருப்பில் கரையுங்கோ. அவசரப்படக் கூடாது. ஒரு சொட்டை விரலுக்கு நடுவில் தேய்த்தால் ஒரு மணலும் தட்டுப்படக் கூடாது. ஒரு சர்க்கரை மணி மிச்சம் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு முழுச் சட்டியும் திரும்பப் பளிங்கு கட்டும். கொதி வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் மூடி போட்டு வையுங்கோ, சட்டியின் பக்கங்களில் ஒட்டியிருக்கிற சர்க்கரையை ஆவியே கழுவி இறக்கும். மூடியை எடுத்த பிறகு கரண்டி போடாதீங்கோ.

புதினா வேண்டாம் தங்கச்சி. பிரியாணி ஞாபகம்தான் வரும்.

ஊட்டிக் குளிர் (டிசம்பர் 15, காலை)

அக்கா சொன்னது சரி. கடைப் புதினாவும் பெப்பர்மின்ட்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் குணம் வேறு. சட்னி வாசனை கார்வோன் என்ற பொருளால் வருவது. பெப்பர்மின்ட்டில் மென்தால் தூக்கல். சின்ன வயதில் வெள்ளைப் பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டு மூச்சை இழுத்தால் தொண்டை சில்லென்று இருக்குமே, அது மென்தால். கடைப் புதினா இலையில் அது வராது.

உங்கள் வாசனை ஆவியாகப் போய்விட்டது. எக்ஸ்ட்ராக்ட் என்பது ஆல்கஹாலிலும் கொஞ்சம் தண்ணீரிலும் கலந்த எண்ணெய். 238 டிகிரிப் பாகில் விட்டால் ஆல்கஹால் சீறிக்கொண்டு எழும்பும், வாசனையையும் கூட்டிக்கொண்டு போகும். அன்றைக்கு உங்கள் சமையலறை மட்டும் கமகமவென்று இருந்திருக்குமே? 110 வந்த பிறகு, அடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் விடுங்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால் ஒரு டீஸ்பூன். எண்ணெயாகக் கிடைத்தால் கால் டீஸ்பூன் தாண்டக் கூடாது, நாலு மடங்கு காரம். சாப்பிடும் தரம் என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். தலைவலிக்குத் தேய்ப்பதை எடுத்துவிடாதீர்கள். முதல் தடவை பாதி அளவு விட்டு நக்கிப் பாருங்கள். கூடிப்போனால் பற்பசைதான்.

நான் இங்கே வீட்டில் செய்து விற்பது அச்சில் ஊற்றும் சாக்லேட். அதற்கு எண்ணெய் மட்டும்தான். உருக்கிய சாக்லேட்டில் எக்ஸ்ட்ராக்ட் விட்டால் அதில் உள்ள தண்ணீர் பட்டு அப்படியே திரிதிரியாக இறுகிவிடும். ஒரு சீசனில் இரண்டு கிலோ அப்படிப் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

கேண்டி கேன்: அது முழுக்கச் சர்க்கரை, ஈரத்தை உறிஞ்சும். ஃப்ரிட்ஜ் அதற்கு எமன். சூடான கலவையில் கலக்கவும் வேண்டாம், கரையும். தட்டில் ஊற்றி மேல்புறம் லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும்போது தூவி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். காற்றுப் புகாத டப்பா, அடுக்குக்கு நடுவில் மெழுகுத்தாள், வெளியிலேயே இருக்கட்டும். உங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று வறண்டது. திறந்து வைத்தால் ஃபட்ஜ் ஓரம் காய்ந்து வெள்ளை பூக்கும்.

டென்வர்வாசி (டிசம்பர் 18, இரவு)

சொல்லாமல் இருந்தால் பாவம். கல்லைக் கரைக்கவே நாற்பது நிமிடம் ஆனது. 225இல் கிண்ணத்தில் சொட்டு விட்டேன், கரைந்து போனது. 227இல் உருண்டை திரண்டது, விரலில் எடுத்ததும் சோர்ந்து படுத்தது. பாட்டி அதிரசத்துக்குக் காட்டிய அதே உருண்டை. தெர்மாமீட்டரும் கிண்ணமும் ஒத்துப்போனதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆற விட்டது எழுபது நிமிடம். நடுவில் என் வீட்டுக்காரர் ஒருதரம் கரண்டியைப் போடப் பார்த்தார், தடுத்துவிட்டேன். அப்புறம் அடித்தது பன்னிரண்டு நிமிடம், முறை போட்டு இரண்டு பேரும். பத்தாவது நிமிடம் வரை ஒன்றுமே ஆகவில்லை, பளபளவென்று சாக்லேட் கூழாகவே இருந்தது. கெட்டுப்போனது என்று முடிவே கட்டிவிட்டேன். திடீரென்று கரண்டி போன தடம் மூடாமல் நின்றது, மினுமினுப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே நடுவுக்கு வந்தது. உடனே ஊற்றிவிட்டேன். ஊற்றியதில் கடைசிக் கரண்டி சட்டியிலேயே இறுகிவிட்டது, அதை நாங்கள் சுரண்டித் தின்றோம்.

எட்டு அங்குலத் தட்டில் 36 துண்டு வந்தது. கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மின்ட் இருக்கிறது. எண்ணெயில் கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைத்தே விட்டேன், எனக்கு இதுவே போதும்.

பாகுப்பதம் (டிசம்பர் 19, காலை)

பலே! டப்பாவில் ஃபட்ஜ் மட்டும்தானா? முறுக்கு கிறுக்கு?

டென்வர்வாசி (டிசம்பர் 19, காலை)

ராத்திரி ரிப்பன் பக்கோடாவும் போட்டேன். இடம் மிச்சமாகட்டும் என்று ஒரே டப்பாவில் மெழுகுத்தாள் தடுத்து வைத்தேன். காலையில் எடுத்துக் கடித்தால் பக்கோடா முழுக்கப் பெப்பர்மின்ட் மணக்கிறது. இன்றைக்கு மாவு பிசைந்து மறுபடி பிழிய வேண்டும். தனி டப்பா வாங்க இப்போதுதான் கிளம்புகிறேன்.