நேக் சந்த் செய்தது கலையா, ஆக்கிரமிப்பா?

செங்காட்டுக்குருவி:
போன மாதம் சண்டிகர் போயிருந்தேன். ராக் கார்டனுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்து உள்ளே நுழைந்தவன், நாலு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேக் சந்த் 1924-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்து, சண்டிகர் நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1950களின் கடைசியில் தொடங்கி, வேலை முடிந்ததும் கல், உடைந்த ஓடு, வளையல் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுக்னா ஏரிப் பக்கம் இருந்த காட்டுக்குப் போவார். எதுவும் கட்டக் கூடாது என்று அரசு ஒதுக்கிய நிலம் அது. சுமார் 18 வருடம் அங்கே ரகசியமாகச் சிலைகள் செய்தார். 1970களில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடிப்பதற்குப் பதிலாக 1976-ல் அதை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தச் சிலைத் தோட்டம்தான் ராக் கார்டன். சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்து, இனி இதுதான் உன் வேலை என்றார்கள். 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர் அனுமதி கேட்டிருந்தால் இதில் ஒரு சிலைகூட வந்திருக்காது. கேட்காமல் செய்ததுதான் சரி. இது என் கருத்து, நீங்களும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சாலைக்காரன்:
தம்பி, நானும் 31 வருடம் சாலை ஆய்வாளராக இருந்தவன். அதனால் இதை எளிதாக விட முடியவில்லை. அதே நிலத்தில் ஒரு கூலிக்காரர் நாலு கீற்றைச் சாய்த்துக் குடிசை போட்டிருந்தால் கண்டுபிடித்த அன்றே பிரித்துப் போட்டிருப்பார்கள். பத்மஸ்ரீயா கொடுத்திருப்பார்கள்? பார்க்க அழகாக இருந்தால் கலை, இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு என்றால், அந்த அழகை யார் அளப்பது? எது காப்பு நிலம், எது புறம்போக்கு என்பது ஒரு சாலை ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் செய்தார்.

மல்லிகா சேலம்:
ஐயா, அந்த நகரம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சண்டிகருக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்தார்கள். அந்த வீடுகளை இடித்தபோது மிஞ்சிய சட்டி, பானை, ஓடுதான் நேக் சந்த் கையில் சிலையானது. நகரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி செக்டர் செக்டராக நகரத்தைப் பிரித்தார். அந்தக் கோட்டுக்குள் வராத மக்களின் சாமான் முழுக்க இவர் காட்டில் போய்ச் சேர்ந்தது. ஊரை இழந்து வந்தவருக்கு அதைக் குப்பையாகப் பார்க்க மனசு வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் 2018-ல் போனேன். தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண் உருவங்கள் ஒரு வரிசை இருக்கிறது. உடுப்பு முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பட்டை பட்டையாகப் பதித்திருக்கிறார். கிட்டப் போனால் ஒவ்வொரு துண்டிலும் வளைவு அப்படியே தெரியும். யாரோ ஒருத்தியின் கையில் கிடந்த வளையல்தானே என்று நினைத்தேன். அதற்கு மேல் கொஞ்ச நேரம் நடக்க முடியவில்லை.

இன்னொரு செய்தி. தனிமனிதர் சிலை எதுவும் இந்த நகரத்தில் வைக்கக் கூடாது என்று சண்டிகருக்கென்றே கொர்பூசியே ஒரு சாசனம் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் சிலை நிற்கும் அந்தத் தோட்டத்தில் பெயர் பொறித்த தலைவர் சிலை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

கொத்தனார் மகன்:
சட்டத்தைப் பெரியவர்கள் பேசுங்கள். நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும். எங்கே பார்த்தாலும் இவரை 'பயிற்சியே இல்லாத கலைஞர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலைக் கல்லூரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கலவை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் காட்ட வேண்டும், உள்ளே கம்பி இல்லாமல் சிமெண்ட் எங்கே விரியும் என்பதெல்லாம் அவருக்கு வேலையிலேயே பழகியிருக்கும். சைக்கிள் ஃபோர்க் விலங்குக்குக் காலாகிறது, சீட் தலையாகிறது, ஃபிரேம் உடம்பாகிறது. தார் டிரம்மை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார். காலி தார் டிரம்மைப் பார்த்ததும் சுவர் என்று யாருக்குத் தோன்றும்? சாலை போட்டவனுக்குத்தான் தோன்றும். சாலை வேலையை விட்டுவிட்டு அவர் கலைக்குப் போனார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேலையையே கொண்டுபோய்ச் சிலையில் செய்தார்.

ஓய்வுபெற்ற சாலைக்காரன்:
கொத்தனார் மகன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். தார் டிரம்மை எழுதியதும் எனக்கு அந்த வாசனையே வந்துவிட்டது.

மல்லிகா அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்தபோது, சாலையோரப் புறம்போக்கில் ஒரு பெரியவர் குழாயடியைச் சுற்றி உடைந்த டைல்ஸ் பதித்துத் திண்ணை கட்டியிருந்தார். பூப் போட்ட டைல்ஸ், நீல டைல்ஸ் என்று கலந்து, நடுவில் ஒரு மீன். பெண்கள் குடம் வைத்துவிட்டு அதில்தான் உட்காருவார்கள். அகலப்படுத்த உத்தரவு வந்தது. ஜேசிபிக்குப் பக்கத்தில் நின்று இடிக்கச் சொன்னவன் நான்தான். பெரியவர் சண்டை போடவில்லை. மீன் இருந்த துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுக்கும்போது அது மூன்றாக உடைந்தது.

நேக் சந்துக்கு எம்.எஸ். ரந்தாவா போன்ற ஒரு பெரிய அதிகாரியின் ஆதரவு கிடைத்தது. அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது நான். இப்படி ஆளைப் பொறுத்து மாறும் ஒன்றை 'சரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செங்காட்டுக்குருவி:
ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். நான் ஒரே வரியில் 'சரி' என்று போட்டது அவசரம். ஆனால் நீங்கள் சொன்ன கதையிலேயே எனக்கு எதிர் முடிவுதான் கிடைக்கிறது. தப்பு திண்ணையில் இல்லை, அதை இடித்ததில் இருக்கிறது.

அப்புறம், அங்கீகாரம் கிடைத்தும் நேக் சந்த் நிம்மதியாக இருக்கவில்லை. 1990 வாக்கில் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு புல்டோசர் வந்தபோது ஊர் மக்கள் கைகோத்து வரிசையாக நின்று தடுத்தார்கள். 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்துச் சிலைகளை உடைத்தார்கள். 2015-ல் இறந்துவிட்டார். 2025 தொடக்கத்தில் உயர் நீதிமன்றப் பக்கம் சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தோட்டச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். அதையும் சட்டம் என்று விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற சாலைக்காரன்:
அந்தச் சுவர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். என் காரணம் மட்டும் வேறு. 1976-ல் அரசே திறந்து வைத்து, ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்த நாளிலிருந்து அது ஆக்கிரமிப்பு இல்லை, பொதுச் சொத்து. அதில் ஒரு கல்லை எடுப்பதானாலும் மக்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முந்தின 18 வருடத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

திண்ணையை இடித்தது தப்பு என்கிறீர்கள். அப்படியானால் நான் 31 வருடம் செய்ததில் எதெல்லாம் தப்பு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று ராத்திரி அது முடியாது தம்பி.

மல்லிகா சேலம்:
ஐயா, அந்தப் பெரியவர் மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு போனாரா?

ஓய்வுபெற்ற சாலைக்காரன்:
தோளில் கிடந்த துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார் அம்மா.