வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவரா: ‘ஆம்’ என்பதா, ‘இல்லை’ என்பதா?

கேள்வி:
ஞாயிறு இரவுகளில் நாங்கள் எட்டுப் பேர் இணையத்தில் கூடி, ஒருவர் மனத்தில் நினைத்த கதாபாத்திரத்தை மற்றவர்கள் 20 கேள்விகளுக்குள் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடி வருகிறோம். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளுக்கு மட்டுமே அனுமதி. சென்ற வாரம் நான் வந்தியத்தேவனை நினைத்திருந்தேன். “உண்மையில் வாழ்ந்தவரா?” என்று மூன்றாவது கேள்வியிலேயே கேட்டுவிட்டார்கள். ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்காகக் கல்கி படைத்த வீரன்தானே என்று ‘இல்லை’ என்றேன். சோழர் காலம் என்பதைப் பிடித்தபிறகும், அதே நாவலின் கற்பனைப் பாத்திரங்களான ஆழ்வார்க்கடியான், கந்தமாறன் என்றே சுற்றிச் சுற்றி வந்து தோற்றார்கள். விடையைச் சொன்னதும், குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர், கல்வெட்டில் பெயருள்ள மனிதரை இல்லையென்று சொல்லிவிட்டாயே என்று மிகவும் வருந்தினார். நான் சொன்னது பிழையா?

மறுமொழி 1:
அக்கா சொன்னதே சரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவைப் பிராட்டியாரை ராஜராஜனின் தமக்கையாகவும் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவும் குறிப்பிடுகிறது. எனினும் அந்தப் பெயரைத் தாண்டி நாம் நேசிக்கும் வந்தியத்தேவன், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வந்து, எங்கு போனாலும் வம்பில் மாட்டிக்கொள்ளும் அந்த இளைஞன், முழுக்கக் கல்கியின் படைப்பு. ஆகவே குறை உங்கள் விடையில் மட்டுமன்று, கேள்வியிலும் இருக்கிறது. “வரலாற்றுச் சான்றில் பெயர் உள்ளவரா?” என்று கேட்டிருந்தால் நீங்கள் தயங்கியிருக்க மாட்டீர்கள், பூங்குழலியையும் ஆழ்வார்க்கடியானையும் அந்த ஒரே கேள்வி விலக்கியிருக்கும்.

மறுமொழி 2:
விதியையும் சற்றுத் தளர்த்தலாம். நாம் நினைத்தவரைக் கணினியே கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும், பிரான்சில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய ‘அகினேட்டர்’ இணைய விளையாட்டில் ‘தெரியாது’, ‘இருக்கலாம்’, ‘இல்லாமலிருக்கலாம்’ என்ற விடைகளும் உண்டு. ஒவ்வொரு கேள்வியும் மீதமுள்ளவர்களைச் சரிபாதியாகப் பிரித்தால், 20 கேள்விகளில் 10,48,576 பேரிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துவிடலாம். எனவே ஒரு விடை ‘ஓரளவு’ என்று அமைந்தாலும் ஆட்டம் கெட்டுவிடாது.

மறுமொழி 3:
‘ஓரளவு’ என்பதை நான் ஏற்கவில்லை. அது நினைத்தவரின் சோம்பலுக்கு இடம் கொடுத்துவிடும். எந்தப் படைப்பில் வரும் பாத்திரம் என்பதை நினைப்பவர் முன்பே எழுதி வைத்துக்கொள்வதுதான் முறை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனிடம் கெட்டு வீடு திரும்பிய தன் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி அவளை ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவு மாறியிருந்தால் என்னவாகும் என்ற இடத்திலிருந்து எழுந்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்கா. “தாய் மன்னித்தாளா?” என்று ஒருவர் கேட்டால், எந்தப் பெண்ணை நினைத்தோம் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகிவிடும் அல்லவா?

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அக்காவிடம் இன்றே பேசி என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். நூலின் பெயரை முன்பே எழுதி வைக்கும் விதியை வரும் ஞாயிறு குழுவில் முன்வைக்கிறேன். வந்தியத்தேவனை இன்னொரு முறை நினைக்கவும் அனுமதி கேட்பேன்.