கோராவும் செல்லோவும் உண்மையிலேயே சேருமா?

வில்லும்விரலும்:
நாலு வருஷமாக செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கற்றுக்கொள்கிறேன். போன வாரம் துண்டே ஜெகெடே வாசித்த ஒன்றைக் கேட்டதிலிருந்து வேறெதிலும் மனசு ஓடவில்லை. லண்டனில் பிறந்தவர், தந்தை நைஜீரியர். செல்லோவும் வாசிக்கிறார், காம்பியாவில் அமடு பான்சாங் ஜோபர்தே என்ற பெரிய வித்துவானிடம் கற்ற கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியமும் வாசிக்கிறார். என் சந்தேகம் இதுதான்: இரண்டும் நிஜமாகவே சேருகின்றனவா, இல்லை பின்னால் நாலு வயலினை இழுத்துவிட்டு 'கலப்பிசை' என்று பெயர் வைப்பதா? கோரா பரம்பரையில் நொட்டேஷனும் (எழுதிய சுரக்குறிப்பு) கிடையாதாமே.

சுரைக்குடுக்கை:
நல்ல கேள்வி. நொட்டேஷனை விடுங்கள், சிக்கல் சுருதியில்தான். கோரா என்பது பாதி சுரைக்குடுக்கை, அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், 21 நரம்பு. இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டிவிரல், இந்த நாலு மட்டும்தான் மீட்டும், மிச்ச விரல்கள் கைப்பிடிக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நாலு விரலிலேயே 'கும்பெங்கோ' என்கிற, திரும்பத் திரும்ப வரும் சுழலும் ஓட வேண்டும், அதற்கு மேலே 'பிரிமிந்திங்கோ' என்கிற வேகமான ஓட்டங்களும் பாய வேண்டும். ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான், அழுத்தி மாற்ற முடியாது. பழைய கோராவில் சுருதி சேர்க்கக் கழுத்தில் உள்ள தோல்வளையங்களைத் தள்ள வேண்டும், இப்போது பலரும் கிடாரில் இருப்பது போன்ற முறுக்காணி போட்டுக்கொள்கிறார்கள். மரபான சுருதிமுறைகளில் சில சுரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ உட்கார்ந்திருக்கும். பியானோவால் அங்கே போகவே முடியாது, ஆனால் செல்லோவில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாதே, விரலை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும், கோரா இருக்கும் இடத்துக்கே போய்விடலாம். ஜெகெடேக்கு இரண்டின் சுருதியும் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிட்டதால், எது எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது.

நடுராத்திரி:
ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மாலி நாட்டுக் கோரா வித்துவான் துமானி ஜபாத்தே 2008இல் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தது (2021இல்தான் ஆல்பமாக வந்தது) எனக்கு முழுசாக ஒட்டவில்லை. அழகுதான், ஆனால் பல இடங்களில் ஆர்க்கெஸ்ட்ரா கம்பளம் விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பல்லாகே சிசோகோவும் வின்சென்ட் செகாலும் 2009இல் வெளியிட்டதைக் கேளுங்கள். சிசோகோவின் கோரா, செகாலின் செல்லோ, மாலியின் பமாகோவில் பதிவு செய்தது. செகால் வில்லைக் கீழே வைத்துவிட்டு நரம்பைச் சுண்டும்போது எது எந்த வாத்தியம் என்று ஒரு கணம் குழம்பும்.

பழையபாட்டு:
எல்லோரும் கோராவிலேயே நிற்கிறீர்களே! கானாவின் இசையமைப்பாளர் எஃப்ராயிம் அமுவை (1899–1995) மறக்கலாமா? த்வி மொழியில் ஒலி ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பொருளே மாறும். ஐரோப்பியக் கீர்த்தனை மெட்டில் த்வி சொற்களைத் திணித்தால் சொல்லும் கெடும், பொருளும் கெடும். பேச்சு எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே மெட்டையும் போட்டு, அதை நாலு குரல்கள் சேர்ந்து பாடும்படி அமைத்தார் அமு. கோட்டு சூட்டை விட்டு நாட்டுத் துணி உடுத்தித் தேவாலயத்தில் நின்றதும் பிரச்சினையாகி, 1933இல் ஆசிரியர் வேலையே போனது. நொட்டேஷன் கேட்டீர்களே, இந்த மனுஷன் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் செய்தார்.

வில்லும்விரலும்:
நன்றி, எல்லோருக்கும். சிசோகோ–செகால் பதிவை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன், மூன்றாம் சுரத்தில் சுருதியைக் கொஞ்சம் இறக்கி. சுருதி பார்க்கும் ட்யூனர் சிவப்பு காட்டுகிறது, காதுக்குச் சரியாக இருக்கிறது. என் ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.