ஃபெரிட்டின் 1,100, ஹீமோகுளோபின் 8.2: எங்கே ஒளிந்திருக்கிறது அழற்சி?

டயாலிசிஸ் யூனிட்டில் இருப்பவர்கள், நெஃப்ராலஜிக்காரர்கள் பார்வைக்கு.

நோயாளி ஒருவருக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ், கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸுக்கான நீண்டகாலக் குழாய்). சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசியை வாரத்துக்கு 12,000 யூனிட்டிலிருந்து 18,000 ஆக்கி ஆறு வாரம் ஆகியும் ஹீமோகுளோபின் 8.2-ஐத் தாண்டவில்லை. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் இரும்பின் அளவுகோல்) 16%, அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 38 மி.கி. காய்ச்சல் இல்லை.

உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு, 'இரும்புதான் நிறைய இருக்கிறதே' என்று இரும்பு ஊசியை நிறுத்தியாயிற்று. இருக்கிறதுதான், பூட்டிய பெட்டிக்குள். அழற்சியில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் ஏறினால், இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் ஹார்மோனைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும். செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டினை அது அழித்துவிடும். கெட்டுப்போன கிட்னியால் ஹெப்சிடினைச் சரியாக வெளியேற்றவும் முடியாது. போதாக்குறைக்கு எலும்பு மஜ்ஜையும் எரித்ரோபொய்ட்டினுக்கு மந்தமாகிவிடும். டோஸை இன்னும் ஏற்றினால் ரத்த அழுத்தமும் பக்கவாத ஆபத்தும்தான் ஏறும்.

ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ். பி12, ஃபோலேட், பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) சரி. மலத்தில் ரத்தம் இல்லை. பல்லும் காசநோயும் இன்னும் பார்க்கவில்லை. கையில் டயாலிசிஸுக்காக வைத்து அடைத்துப்போன பழைய கிராஃப்ட் (செயற்கை ரத்தக்குழாய்) ஒன்று கிடக்கிறது. மேலே சிவப்போ வீக்கமோ இல்லை, ஆனாலும் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அதில் மறைந்த தொற்றைப் பிடிக்க அல்ட்ராசவுண்ட் போதுமா, பெட் சிடி ஸ்கேன் வரை போக வேண்டுமா? டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த டிரைவ் (DRIVE) ஆய்வில் ஃபெரிட்டின் 500–1,200, சாச்சுரேஷன் 25%-க்குள் இருந்தவர்களுக்கு மொத்தம் 1 கிராம் இரும்பு கொடுத்தபோது ஹீமோகுளோபின் ஏறியது. தொற்று இல்லை என்று உறுதியாகும் முன்பே அப்படிக் கொடுத்தவர்கள் உண்டா? சிஆர்பி எவ்வளவு இறங்கிய பிறகு ஆரம்பித்தீர்கள்?